காயப் பட்டியல் (அமெரிக்கக் கால்பந்து): ஒரு திறனாய்வு

காயப் பட்டியல் என்பது அமெரிக்காவின் தேசியக் கால்பந்து லீக்கில் (என்.எஃப்.எல்.) ஒவ்வொரு அணியும் வாரந்தோறும் வெளியிட வேண்டிய கட்டாய அறிவிப்பு ஆகும். எந்த வீரருக்கு உடலில் எங்கே காயம், அவர் பயிற்சியில் எவ்வளவு கலந்துகொண்டார், அடுத்த ஆட்டத்தில் ஆடுவாரா என்ற மூன்றையும் அது சொல்ல வேண்டும். செப்டம்பரில் தொடங்கும் பருவம் பாதியை எட்டும் அக்டோபர் இறுதியிலும் நவம்பரிலும் ரசிகர்கள் மிகுதியாகப் படிப்பதும் விவாதிப்பதும் இந்தப் பட்டியலைத்தான். ஆனால் அதை நம்பி வீரர்களின் ஆட்டத்தை எடைபோடுவது பலமுறை தவறாக முடிந்திருக்கிறது. அதன் காரணங்களை இக்கட்டுரை ஆராய்கிறது.

தோற்றம்

பட்டியல் மருத்துவ அக்கறையில் பிறந்ததன்று. சூதாட்டத்தைப் பற்றிய அச்சத்தில் பிறந்தது. 1946 டிசம்பரில் நியூயார்க் ஜயன்ட்ஸ், சிகாகோ பேர்ஸ் அணிகள் மோதிய இறுதிப் போட்டிக்கு முன், ஜயன்ட்ஸ் வீரர்கள் இருவருக்குக் கையூட்டு தர முயற்சி நடந்தது வெளிவந்தது. அப்போதைய லீக் ஆணையர் பெர்ட் பெல், ஒரு வீரரின் உடல்நிலை பந்தயக்காரர் சிலருக்கு மட்டும் இரகசியமாகத் தெரிவது ஆபத்து என்று கருதினார். எல்லாருக்கும் ஒரே நேரத்தில் தெரிந்துவிட்டால் அந்த இரகசியத்துக்கு விலை இராது என்பது அவர் கணக்கு. எனவே, பட்டியலின் முதல் வாசகர் பந்தயம் கட்டுபவர். 2018 மே மாதம் அமெரிக்க உச்ச நீதிமன்றம் விளையாட்டுப் பந்தயத்துக்கு எதிரான கூட்டாட்சிச் சட்டத்தைச் செல்லாது என்று அறிவித்த பிறகு, அந்த வாசகர் பல மாநிலங்களில் வெளிப்படையாகவே வந்து அமர்ந்துவிட்டார்.

சொற்களும் அவற்றின் தேய்மானமும்

2016க்கு முன்பு பட்டியலில் நான்கு நிலைகள் இருந்தன. பெரும்பாலும் ஆடுவார், ஆடுவது ஐயம், ஆடும் வாய்ப்புக் குறைவு, ஆடமாட்டார் என்று அவற்றைத் தமிழில் சொல்லலாம். இவற்றில் முதலாவது சொல்லே முதலில் கெட்டது. நியூ இங்கிலாந்து பேட்ரியட்ஸ் அணி தன் குவார்ட்டர்பேக் டாம் பிரேடியை, வலது தோள் காயம், பெரும்பாலும் ஆடுவார் என்று ஆண்டுக்கணக்கில் வாராவாரம் எழுதி வந்தது. அவரும் வாராவாரம் ஆடினார். விதியின் எழுத்தைக் காத்து அதன் பொருளைக் கொன்ற செயல் இது. அந்தப் பிரிவில் எழுதப்பட்டவர்கள் ஏறத்தாழ எல்லாரும் ஆடிவிடுவதால், 2016இல் லீக் அதையே நீக்கிவிட்டது. அதன்பின் சிறு வலி உள்ளவரும் உண்மையில் நடக்கச் சிரமப்படுபவரும் 'ஐயம்' என்ற ஒரே கூரையின் கீழ் வந்தனர். ஐயம் என்று படித்தவுடன் கலங்கும் ரசிகரும், அதைப் பொருட்படுத்தாத ரசிகரும் ஒரே அளவு தவறு செய்யும் வாய்ப்பு உண்டு.

பனிவளைகோல் பந்தாட்ட லீக்கில் 'மேலுடல் காயம்' என்று மட்டும் சொல்லி முடித்துக்கொள்கிறார்கள். அதோடு ஒப்பிட்டால் கால்பந்துப் பட்டியல் நேர்மையானது. முழங்கால், கணுக்கால், முதுகு என்று உறுப்பையாவது சொல்கிறது. ஆனால் எலும்பா தசையா, ஆறியதா இல்லையா என்பது அதில் இல்லை.

2008: பட்டியலில் இல்லாத காயம்

பட்டியல் பொய்த்தால் என்ன ஆகும் என்பதற்கு 2008 பருவத்தில் நியூயார்க் ஜெட்ஸ் அணியைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது. அவ்வாண்டு ஆகஸ்டில் கிரீன் பே அணியிடமிருந்து பிரெட் ஃபார்வைப் பெற்ற ஜெட்ஸ், அவருக்கு இடம் தர சாட் பென்னிங்டனை விடுவித்தது. நவம்பர் 23 அன்று, அதுவரை பத்து ஆட்டத்திலும் தோல்வியே காணாத டென்னசி டைட்டன்ஸ் அணியை 34-13 என வென்று, ஜெட்ஸ் 8 வெற்றி 3 தோல்வி என்ற நிலையை அடைந்தது. நியூயார்க்கில் இறுதிப் போட்டிப் பேச்சு எழுந்தது.

அடுத்த ஐந்து ஆட்டங்களில் நான்கில் தோல்வி. அந்த ஐந்து ஆட்டங்களில் ஃபார்வ் எறிந்து அடித்த டச்டவுன் 2; எதிரணியிடம் பறிகொடுத்த எறிதல்கள் 9. முப்பத்தொன்பது வயதுக் கிழவர் ஓய்ந்துவிட்டார் என்றனர் பலர். பயிற்சியாளர் எரிக் மாஞ்சினியைக் குற்றம் சொன்னோர் சிலர். பருவம் முடிந்த மறுநாளே மாஞ்சினி நீக்கப்பட்டார். கடைசி ஆட்டத்தில் ஜெட்ஸை வீழ்த்தியது மயாமி டால்ஃபின்ஸ். அதன் குவார்ட்டர்பேக், ஜெட்ஸ் விடுவித்த அதே பென்னிங்டன்.

2009 செப்டம்பரில்தான், எறியும் கையின் இருதலைத் தசைநார் கிழிந்த நிலையில் ஆடியதையும் அது அணிக்குத் தெரியும் என்பதையும் ஃபார்வ் சொன்னார். பட்டியலில் அதை எழுதாததற்காக லீக் ஜெட்ஸுக்கு 75,000 டாலரும், மாஞ்சினிக்கும் பொது மேலாளர் மைக் டானன்பாமுக்கும் தலா 25,000 டாலரும் அபராதம் விதித்தது. அந்த டிசம்பரில் நடந்த விவாதம் முழுவதும், கை கிழிந்த ஒருவரை முழு நலத்தோடு இருப்பவராக எண்ணி நடந்த விவாதமே. பதிவேட்டில் அவ்வாண்டு லீக்கிலேயே அதிகமான 22 பறிகொடுப்புகள் இன்றும் அவர் பெயரில் நிற்கின்றன. அவற்றின் அருகே காயம் பற்றிய குறிப்பு எதுவும் இல்லை.

2022: பட்டியலில் இருந்த காயம்

மயாமி டால்ஃபின்ஸின் டுவா டகோவைலோவா விஷயத்தில் குறை வேறு வகையானது. செப்டம்பர் 25 அன்று பஃபலோ அணியுடன் நடந்த ஆட்டத்தில் அவர் தலை தரையில் மோதியது, எழுந்தவர் தள்ளாடினார். இடைவேளைக்குப் பின் ஆடவும் வந்தார். காரணம் முதுகு என்று அணி விளக்கியது. அடுத்த ஆட்டத்துக்கான பட்டியலில் முதுகு, கணுக்கால், ஆடுவது ஐயம் என்றே எழுதியிருந்தது. நான்கே நாளில் சின்சினாட்டியில் மீண்டும் தலை மோதி, விரல்கள் விறைத்துக் கோணிய நிலையில் அவரைத் தூக்குப் படுக்கையில் கொண்டுபோனார்கள். முதல் ஆட்டத்தில் அவரைச் சோதித்த நரம்பியல் ஆலோசகரை வீரர் சங்கம் விலக்கியது. நெறிமுறை எழுதியபடியே பின்பற்றப்பட்டது, ஆனால் விளைவு அது நோக்கியதன்று என்று லீக்கும் சங்கமும் கூட்டாக அறிவித்தன. அக்டோபர் 8 முதல் நிலைதடுமாறும் வீரரைத் திரும்ப அனுப்பக் கூடாது என்ற விதி சேர்ந்தது.

இனிமேல் நடந்ததே ரசிகர் வாசிப்பைப் பொறுத்தவரை முக்கியமானது. அக்டோபர் 23 அன்று திரும்பிய டகோவைலோவா, தொடர்ந்து ஐந்து ஆட்டங்களை வென்றார். மயாமி 8-3 என்ற நிலைக்கு உயர்ந்தது. பருவத்தின் நடுப்பகுதியில் பேச்சு முழுவதும் அவருடைய எறிதல் மதிப்பெண் பற்றியே இருந்தது. செப்டம்பர் இரவு விரைவிலேயே பழங்கதை ஆனது. டிசம்பர் 25 அன்று கிரீன் பே அணியுடன் ஆடும்போது நான்காம் கால்பகுதியில் அவர் மூன்று எறிதல்களைப் பறிகொடுத்து அணி 20-26 என்று தோற்றபோது, அன்றிரவே அவர் பதற்றத்தையும் முடிவெடுக்கும் திறனையும் குறைகூறும் தீர்ப்புகள் குவிந்தன. மறுநாள்தான் அவர் மூளையதிர்ச்சி நெறிமுறையில் இருப்பதாகப் பயிற்சியாளர் அறிவித்தார். அந்த ஆட்டத்தின் இரண்டாம் கால்பகுதியிலேயே அவர் பின்தலை தரையில் மோதியிருந்தது. பருவத்தில் அவர் மறுபடி ஆடவில்லை.

2008இல் அணி மறைத்ததால் ரசிகர் ஏமாந்தனர். 2022இல் தொலைக்காட்சியில் எல்லாரும் கண்ட மோதலை எவரும் காயமாகப் படிக்கவில்லை. இரண்டாவதே கவலைக்குரியது; ஏனெனில் அதை எந்த அபராதமும் திருத்தாது.

கூடத்தில் எழுந்த ஆரவாரம்

கற்பனை அணி விளையாட்டு பெருகிய பின், ஒரு வீரரின் காயம் இன்னொருவரின் வாய்ப்பாக உடனே கணக்கிடப்படுகிறது. அவருக்குப் பதில் யார் என்ற கேள்வி, அவருக்கு எப்படி இருக்கிறது என்ற கேள்வியை முந்துகிறது. ஆனால் இம்மனநிலையின் கொடுமையான வடிவம் அந்த விளையாட்டால் வந்ததன்று. 2012 அக்டோபர் 7 அன்று கான்சஸ் சிட்டி அரங்கின் மேலே, மேலாளரை நீக்கி குவார்ட்டர்பேக் மாட் கேசலை உட்கார வைக்கக் கோரும் பதாகையுடன் விமானம் ஒன்று பறந்தது. பணம் திரட்டி அதை அனுப்பியவர்கள் அவ்வணியின் ரசிகர்களே. நான்காம் கால்பகுதியில் கேசல் அடிபட்டு அசைவின்றிக் கிடந்தபோது, சொந்த அரங்கின் ஒரு பகுதியிலிருந்து ஆரவாரம் எழுந்தது.

ஆட்டம் முடிந்ததும் அணியின் தடுப்பு வீரர் எரிக் வின்ஸ்டன் உடைமாற்றும் அறையில் நிருபர்களிடம், இது அருவருப்பானது, நாங்கள் உரோமைக் களரியின் அடிமை வீரர்கள் அல்லர் என்ற பொருளில் பேசினார். அரங்கில் இருந்த எழுபதாயிரம் பேரையும் சேர்த்துச் சாடியதைப் பின்னர் அவரே திருத்திக்கொண்டார். கைதட்டியவர்கள் ஒரு பகுதியினரே. அந்தத் திருத்தம் நியாயமானது. கேசலுக்கு மூளையதிர்ச்சி என்பது உறுதியானது. ரசிகர் விரும்பியபடி அடுத்த வாரம் பிராடி குவின் களம் இறங்கினார். அவ்வாண்டு அவர் தொடக்க வீரராக ஆடிய எட்டு ஆட்டங்களில் ஏழில் அணி தோற்றது. பருவத்தை 2-14 என முடித்தது.