தறிகெட்டவர் யார்?

‘அமோக்’ என்பது மலாய்ச் சொல். ஆங்கிலேயர் அதனைத் தம் மொழியிற் சேர்த்துக்கொண்டனர். ஆங்கிலத்தின் வழியாகவே அதனைப் பெற்ற நம்மவர் சிலர், தமிழில் எழுதுங்கால் ‘தறிகெட்டு ஓடுதல்’ என்று பெயர்த்துவிடுகின்றனர். யானும் ஆங்கிலப் பள்ளியிற் படித்தவன். அவ்வாறே எழுதி வந்தவன். அது பிழையென்று இன்று கருதுகின்றேன்.

தறி என்றதும் நெசவுத் தறியை நினைப்போர் உளர். ஈண்டு அது விலங்கைப் பிணிக்கும் முளை என்றே யான் கொள்வேன். கம்பன் வீட்டில் கவி பாடுவதாகப் பழமொழி கூறும் கட்டுத்தறியும் இதுவே. ஆகவே ஒருவனைத் தறிகெட்டவன் என்னும்போது, அவனைக் கட்டிவைக்கும் உரிமை வேறொருவனுக்கு உண்டு என்பதையும் ஒப்புக்கொள்கின்றோம். சொல்லுக்குள்ளே எசமானன் ஒருவன் ஒளிந்து நிற்கின்றான்!

மலாய்ச் சொல்லில் அவன் இல்லை. பழைய மலாய் வரலாற்று நூல்களில், வீரர் உயிரைத் துரும்பென எண்ணிப் பகைவர்மேற் பாய்வதற்கு அதுவே பெயர். நம் தறுகண்மையும் ஏறக்குறைய அதுதான். வள்ளுவர் அதனைப் பேராண்மை என்றார். தனியொருவன் வெறிகொண்டு வெட்டுவதற்கும் அச்சொல்லே வழங்கிற்று. 1846 ஜூலை 8இல் இப்பினாங்கு நகரிலேயே, சுனான் என்னும் மலாய் வீடுகட்டுவோன் எதிர்ப்பட்டோரை வெட்டி வீழ்த்தினான். தந்தையின் கையிலிருந்த தென்னிந்தியப் பெண்குழந்தையும் மாண்டது. நீதிபதி நாரிஸ் அவனுக்குத் தூக்குத் தண்டனை விதித்தார். மனைவியையும் ஒரே பிள்ளையையும் பறிகொடுத்து நொந்திருந்தவன் அவன் என்பர். அவன் செயல் கொடிது, ஐயமில்லை. ஆயினும் அவன் அறுத்த கட்டு எசமானன் கட்டியதன்று. அமோக் என்பதை அமோக் என்றே எழுதினால் என்ன? தமிழ் கெட்டுவிடாது.

இவ்வளவு யான் வாதிடுவதற்குக் காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன், கூலி பாக்கி கேட்டு நாற்பது பேர் எங்கள் தோட்ட ஆபீசின் முன் வந்து நின்றனர். ஒருவரும் கை ஓங்கவில்லை. பெண்கள் மரநிழலில் உட்கார்ந்துவிட்டனர். மேலிடத்துக்குச் சென்ற ஆங்கில அறிக்கையிலோ அவர்கள் அமோக் செய்தனர் என்றிருந்தது. சொன்னவர் மானேஜர், தட்டெழுதியவன் யான்.

அன்று மாலை ஒரு பெரியவர் வழிமறித்தார்.

“கிராணி ஐயா, எங்களப் பத்தி என்னா எழுதுனீங்க?”

தறிகெட்டு வந்தீர்கள் என்று எழுதினேன் எனச் சொல்ல எனக்கு நா எழவில்லை. கணக்குப் பார்க்கிறோம் என்று சொல்லி நடந்துவிட்டேன்.