ஒளி மங்கியது உண்மைதான்

காதலையும் திகிலையும் ஒரே கதைக்குள் வைப்பது கடினம். திகிலுக்கு அவசரம் வேண்டும், காதலுக்கு நிதானம் வேண்டும். பெரும்பாலான படங்களில் துப்பறிகிறவர் ஓடியாடிக் குற்றவாளியைப் பிடிப்பார். காப்பாற்றப்பட்ட பெண் நன்றியோடு அவர் தோளில் சாய்வாள். அதைக் காதல் என்று நாம் ஏற்றுக்கொள்ள வேண்டும். ஜார்ஜ் கியூகர் இயக்கத்தில் 1944-இல் எம்.ஜி.எம். நிறுவனம் வெளியிட்ட ‘கேஸ்லைட்’ அந்தக் குறுக்குவழியில் போகாத படம். அதில் துப்பறிகிறவர் அந்தப் பெண்ணுக்குச் செய்கிற ஆகப் பெரிய உதவி, சுவரில் எரியும் விளக்கை நிமிர்ந்து பார்த்து, ஆமாம், ஒளி குறைந்துவிட்டது என்று ஒப்புக்கொள்வதுதான். அந்த ஒரு ‘ஆமாம்’ வருவதற்குள் படத்தில் பெரும்பகுதி ஓடிவிடுகிறது. வரும்போது நமக்கே மூச்சு திரும்புகிறது.

கதையை மறைத்துக்கொண்டு இந்தப் படத்தைப் பற்றிப் பேச முடியாது. படமும் தன் வில்லனை வெகுநேரம் மறைத்து வைப்பதில்லை.

லண்டனில் தார்ன்டன் சதுக்கம், ஒன்பதாம் எண் வீடு. புகழ்பெற்ற பாடகி ஆலிஸ் ஆல்க்விஸ்ட் அங்கே கழுத்து நெரித்துக் கொல்லப்படுகிறாள். அவள் வளர்த்த பெண் பவுலாதான் உடலைக் கண்டவள். அந்தச் சிறுமியை இத்தாலிக்கு அனுப்பிவைக்கிறார்கள், சித்தி ஆலிஸுக்குப் பாட்டுச் சொல்லிக்கொடுத்த அதே ஆசிரியரிடம். பத்து ஆண்டுகள் கழித்து, இங்க்ரிட் பெர்க்மன் உருவில் பவுலா அந்த ஆசிரியர் முன் நின்று பாடுகிறாள். அவர் நடுவிலேயே நிறுத்திவிடுகிறார். உன் மனம் பாட்டில் இல்லை என்கிறார். அவர் கண்டுபிடித்தது சரிதான். மனம் இருப்பது பக்கத்தில் பியானோ வாசிக்கிறவனிடம்.

இந்தத் தொடக்கத்தைப் பலர் வெறும் முன்கதையாகக் கடந்துபோகிறார்கள். எனக்கு முழுப் படத்தின் திறவுகோலும் இங்கேதான் இருக்கிறது. சார்லஸ் போயர் நடித்த கிரிகரி ஆன்டன் ஒரு பக்கவாத்தியக்காரன். நம் கச்சேரி மேடையில் நல்ல பக்கவாத்தியக்காரரைப் பார்த்திருக்கிறோம். பாடுகிறவர் எங்கே மூச்சு வாங்குவார், எந்த இடத்தில் தயங்குவார், எங்கே தடுமாறப் பார்ப்பார் என்று அவருக்குத் தெரியும். தெரிந்து தாங்கிப் பிடிப்பார். கிரிகரிக்கும் எல்லாம் தெரியும். அந்த அறிவு முழுவதையும் அவன் பவுலாவை வீழ்த்தப் பயன்படுத்துகிறான். ஆலிஸைக் கொன்றவன் அவன்தான். அவளிடம் இருந்த விலைமதிப்பற்ற நகைகளைத் தேடி அந்த வீட்டுக்குள் மறுபடி நுழைய வேண்டும். அதற்கு வழி வீட்டுக்கு உரியவளைக் கட்டிக்கொள்வது. கட்டிக்கொண்ட பின் அவளுக்குப் பைத்தியம் என்று அவளையே நம்பவைத்துவிட்டால் வேலை முடிந்தது.

அதை அவன் செய்கிற முறையைக் கவனிக்க வேண்டும். அடிப்பதில்லை, கூச்சல் அதிகமில்லை. ஒரு ப்ரூச் தொலைகிறது; கைப்பையில்தானே இருந்தது என்று அவள் பதறுகிறாள். சுவரில் இருந்த படம் காணாமல் போகிறது. எடுத்தது நீதான் என்று அவன் வருத்தமாகச் சொல்கிறான். போயர் அந்த வருத்தத்தை எவ்வளவு அக்கறையோடு நடிக்கிறார் என்று பாருங்கள். குரலில் வெல்லம் கரைகிறது, கண் மட்டும் அசையாமல் அளவெடுக்கிறது. காதல் நாயகனாகவே பெயர் வாங்கிய நடிகரை இந்த வேடத்துக்குப் போட்டது கியூகரின் துணிச்சல். அந்தக் குரலை நம்பி நாமும் ஒரு பத்து நிமிடம் காதலித்துவிடுகிறோம்.

இரவில் அவன் வெளியே போனதும் அவள் அறையில் விளக்கு மங்குகிறது. மேலே காலடிச் சத்தம். மேல்மாடியை அடைத்துப் பூட்டியாகிவிட்டது, அங்கே யாரும் இருக்க முடியாது. காரணம் எளிய இயற்பியல்தான். அக்காலத்து லண்டன் வீடுகளில் நிலக்கரி வாயு குழாய்வழியே வந்து விளக்குகளில் எரிந்தது. எங்காவது இன்னொரு விளக்கை ஏற்றினால் குழாயில் அழுத்தம் குறைந்து, ஏற்கெனவே எரியும் சுடர் சுருங்கும். கிரிகரி சந்து வழியே சுற்றி, பக்கத்துக் காலி வீட்டின் கூரை மேல் ஏறித் தன் வீட்டு மேல்மாடிக்கே வந்து விளக்கேற்றித் தேடுகிறான். பவுலாவுக்கு இது எதுவும் தெரியாது. அவள் கண்ணுக்கு ஒளி மங்குகிறது. வேறு யாரும் அதைப் பார்த்ததாகச் சொல்வதில்லை.

வேறு யார் இருக்கிறார்கள் அந்த வீட்டில்? சமையற்காரி எலிசபெத்துக்குக் காது மந்தம். அவளிடம் போய்க் காலடிச் சத்தம் கேட்டதா என்று எப்படிக் கேட்பது? வேலைக்காரப் பெண் நான்ஸி எஜமானனிடம் குழைகிறவள், எஜமானியை ஏளனமாகப் பார்க்கிறவள். சாட்சி சொல்ல ஆளில்லாத வீட்டை இவ்வளவு கச்சிதமாகக் கட்டிய திரைக்கதையை நான் அதிகம் பார்த்ததில்லை. நான்ஸியாக வந்த ஏஞ்சலா லான்ஸ்பரிக்கு இதுதான் முதல் படம். படப்பிடிப்பில்தான் அவருக்குப் பதினெட்டு வயது நிறைந்தது. அந்த வயதில் ஒரு பார்வையால் அறையின் சூட்டை மாற்றக் கற்றிருந்தார். முதல் படத்துக்கே ஆஸ்கர் பரிந்துரையும் வந்தது.

பெர்க்மனுக்கு வருவோம். உயரமான, திடமான, ஆரோக்கியம் ததும்பும் பெண். அதற்குச் சற்று முன்புதான் ‘காசாபிளாங்கா’வில் பார்த்தவர்கள் அவரை நலிந்த பெண்ணாகக் கற்பனை செய்திருக்க மாட்டார்கள். அதனால்தான் இந்த வேடம் இப்படிப் பலித்தது. ஏற்கெனவே ஒடிந்த குச்சி மறுபடி ஒடிவதில் நாடகம் இல்லை. வலிமையுள்ள ஒருத்தி தன் நினைவையே சந்தேகிக்கத் தொடங்குவது பயங்கரம். லேடி டால்ராயின் வீட்டு இசை நிகழ்ச்சிக் காட்சி அதற்குச் சான்று. கணவன் தடுத்தும், நான் போகத்தான் போகிறேன் என்று உடுத்திக்கொண்டு தலை நிமிர்ந்து கிளம்புகிறாள். போய் அமர்கிறாள், பியானோ ஒலிக்கிறது. எத்தனையோ நாளுக்குப் பிறகு ஓர் இசைக்காரி இசை கேட்கிறாள். அந்த முகத்தில் சில நொடிகள் ஈரம் திரும்புகிறது. அப்போது கிரிகரி தன் கடிகாரச் சங்கிலியைத் தொட்டுப் பார்த்துவிட்டு மெல்லக் குனிகிறான்: கடிகாரத்தைக் காணோம். அது அவள் பையிலிருந்து வெளிவருகிறது. அடக்கி அடக்கிப் பார்த்து அவள் விம்மி வெடிக்கிறாள், வாசிப்பு தடைபடுகிறது, சபையே திரும்பிப் பார்க்கிறது. அவளுக்கு மிச்சமிருந்த ஒரே புகலிடத்தையும் அவளைக்கொண்டே அவன் கெடுத்துவிட்டான். படத்தின் மிகக் கொடிய காட்சியாக நான் இதைத்தான் சொல்வேன், இத்தனைக்கும் யார் மேலும் யார் கையும் படவில்லை.

அதே கூடத்தில் இன்னொருவரும் அமர்ந்திருக்கிறார். ஸ்காட்லாந்து யார்டின் பிரையன் கேமரன், நடித்தவர் ஜோசப் காட்டன். எல்லாரும் வெட்கக்கேட்டைப் பார்க்கும்போது அவர் மட்டும் ஒரு வழக்கைப் பார்க்கிறார்.

கேமரன் பாத்திரத்தைப் பற்றிக் குறை சொல்கிறவர்கள் உண்டு. பாட்ரிக் ஹாமில்டனின் 1938-ஆம் ஆண்டு மூலநாடகத்தில் துப்பறிகிறவர் ரஃப் என்ற முதியவர். அப்பா ஸ்தானத்தில் நின்று காப்பாற்றுகிறார். ஹாலிவுட் அவரை இளைஞனாக்கி ஒரு காதலை ஒட்டவைத்துவிட்டது என்பது குற்றச்சாட்டு. லண்டன் போலீஸ்காரர் அமெரிக்க உச்சரிப்பில் பேசுகிறார் என்பது இன்னொன்று. இரண்டாவதை ஒப்புக்கொள்கிறேன். முதலாவதை ஒப்புக்கொள்ள மாட்டேன், அந்தக் கையுறை இருக்கிறவரையில்.

ஆலிஸ் மேடையில் அணிந்த கையுறைகளில் ஒன்று பவுலாவின் கண்ணாடிப் பேழையில் இருக்கிறது. இணையை சித்தி ஒரு ரசிகருக்குக் கொடுத்துவிட்டாள் என்று படத்தின் முற்பகுதியில் அவள் சொல்கிறாள், நாம் மறந்துவிடுகிறோம். அந்த ரசிகர் அப்போது சிறுவனாயிருந்த கேமரன். லண்டன் கோபுரத்தில் தற்செயலாகப் பவுலாவைக் கண்டதும், இறந்துபோன பாடகியே எதிரே வந்ததுபோல் அவர் திடுக்கிட்டதற்குக் காரணம் அதுதான். மூடிவைத்த கோப்பை அவர் மறுபடி எடுப்பது கடமைக்காக மட்டுமில்லை. சிறுவயதில் தன்னை ஆட்கொண்ட ஒரு குரலுக்குப் பட்ட கடனைத் தீர்க்க எடுக்கிறார். ஆக, பவுலாவின் ஒரு பக்கம் பக்கவாத்தியக்காரன், மறு பக்கம் ரசிகன். நாடகத்தின் முதியவரிடம் இந்த அழகு கிடையாது.

கிரிகரி வெளியேறிய ஒரு இரவில் கேமரன் வீட்டுக்குள் வருகிறார். அவள் நம்பவில்லை, எப்படி நம்புவாள்? அவர் பேசிப் புரியவைக்கவில்லை. கையுறையை எடுத்துக் காட்டுகிறார். பேழையில் இருப்பதற்கு இணை. பல மாதங்களில் முதல்முறையாக அவள் நினைவில் இருந்த ஒன்று வெளியுலகில் அப்படியே இருக்கிறது. பிறகு விளக்கு மங்குகிறது. அவள் கேட்கவே அஞ்சுகிறாள். அவரும் பார்த்துவிட்டார். காலடிச் சத்தமும் அவருக்குக் கேட்கிறது. உனக்கு ஒன்றுமில்லை, உன்னைத் திட்டமிட்டு இப்படி ஆக்குகிறார்கள் என்ற பொருளில் அவர் சொல்லும்போது பெர்க்மனின் முகத்தில் நிம்மதியும் அவமானமும் கோபமும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறுகின்றன. தொடுதல் இல்லை, காதல் வசனம் இல்லை. இருவர் ஒரே திசையில் விளக்கைப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். திரையில் நான் பார்த்த மிகச் சிறந்த காதல் காட்சிகளில் இதைச் சேர்ப்பேன்.

காப்பது என்பதைப் படம் இன்னும் ஓர் இடத்தில் ஆழமாகப் புரிந்துகொள்கிறது. கிரிகரி பிடிபட்டு மேல்மாடியில் நாற்காலியோடு கட்டப்பட்டிருக்கிறான். பவுலா அவனோடு தனியாகப் பேச வேண்டும் என்கிறாள். ஆபத்து, வேண்டாம் என்று வழக்கமான பாதுகாவலர் மறுத்திருப்பார். கேமரன் விலகி நிற்கிறார். கட்டை அறுத்துவிடச் சொல்லிக் கெஞ்சும் கணவன் முன் கத்தியை எடுத்துக்கொண்டு, நான்தான் பைத்தியமாயிற்றே, எனக்கு எதுவும் நினைவில் நிற்காதே என்று அவன் கற்றுக்கொடுத்த பாடத்தை அவனிடமே ஒப்பிக்கிறாள். பாட்டை விட்டவளின் முழு ஆற்றலும் அந்த ஏற்ற இறக்கத்தில் வெளியே வருகிறது. பெர்க்மனுக்கு முதல் ஆஸ்கர் கிடைத்தது இந்தப் படத்துக்கு. அந்த வீட்டை மூச்சுமுட்டும்படி பொருட்களால் நிறைத்த கலை இயக்கத்துக்கும் ஒன்று கிடைத்தது. நிழலை அவ்வளவு கவனமாகக் கையாண்ட ஒளிப்பதிவாளர் ஜோசப் ருட்டன்பர்க் பரிந்துரையோடு நின்றுவிட்டார். எனக்கு அதில் மனக்குறை உண்டு.

இதே நாடகத்தை 1940-இல் இங்கிலாந்தில் தோரல்ட் டிக்கின்சன் படமாக்கியிருந்தார். ஆன்டன் வால்புரூக்கும் டயானா வின்யார்டும் நடித்தது. தன் படத்துக்குப் போட்டி கூடாது என்று எம்.ஜி.எம். அதன் பிரதிகளை அழிக்க முனைந்தும் அது தப்பிப் பிழைத்தது. வால்புரூக்கின் குரூரம் போயரிடம் இல்லை. அந்தப் படத்தின் வேகமும் கியூகரிடம் இல்லை. ஆனால் அதில் கையுறையும் இல்லை, கேமரனும் இல்லை. வாய்ப்புள்ளவர்கள் முதலில் டிக்கின்சனைப் பாருங்கள், அடுத்த நாள் கியூகரைப் பாருங்கள். இரண்டாவதைப் பார்க்கும்போது விளக்குகளை அணைத்துவிட்டு, சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொள்ளுங்கள். காலடிகள் மெல்லத்தான் கேட்கும்.