இரண்டாவது ஆசிரியர்

ஐசக் அசிமோவ் 1951இல் எழுதிய 'தி ஃபன் தே ஹேட்' சிறுகதை, மத்தியப் பாடத்திட்டத்தின் 9ஆம் வகுப்பு ஆங்கிலப் புத்தகத்தில் பல வருடங்கள் முதல் பாடமாக இருந்தது. 2157ஆம் ஆண்டில் நடக்கிற கதை. மார்ஜிக்கு வீட்டிலேயே ஓர் எந்திர டீச்சர். ஒரு காலத்தில் பிள்ளைகள் ஒரே கட்டடத்தில் கூடி, மனிதரிடம் படித்தார்கள் என்று ஒரு பழைய புத்தகத்திலிருந்து தெரிந்துகொண்டு அவள் ஏங்குகிறாள்.

எந்திரம் மனிதருக்கு ஈடாகாது என்பதுதான் கதை என்று வகுப்பில் சொல்லி முடித்துவிடுவார்கள். அது சோம்பேறித்தனமான வாசிப்பு. கதையில் யாரும் கவனிக்காத ஒருவர் இருக்கிறார், மாவட்ட ஆய்வாளர். மார்ஜி புவியியலில் திரும்பத் திரும்பத் தோற்கிறாள். ஆய்வாளர் வந்து எந்திரத்தைப் பிரித்துப் பார்க்கிறார். தப்பு பிள்ளைமேல் இல்லை, பாடத்தின் வேகம் அதிகம் என்று அம்மாவிடம் சொல்லி, வேகத்தைக் குறைக்கிறார். யார்மேல் தப்பு என்று தீர்மானிக்கிற இந்த வேலைதான் கதையில் நடக்கும் ஒரே ஆசிரியப் பணி. அதைச் செய்வது மனிதர்.

மார்ஜியின் எந்திரம் இப்போது நம் கையில் இருக்கிறது. 2022 ஜூனில் 'இல்லம் தேடிக் கல்வி' மையங்களில் 12 நாள் வாசிப்பு மாரத்தான் நடந்தது. கூகுளின் 'ரீட் அலாங்' செயலியில் பிள்ளை சத்தமாக வாசிக்க வேண்டும். செயலி கேட்டுக்கொண்டே வரும், தடுக்கினால் எடுத்துக்கொடுக்கும். இது சின்ன விஷயம் இல்லை. ஒரு வகுப்பில் இத்தனை பேரையும் தினமும் தனித்தனியாக வாசிக்கவைத்துக் கேட்க எந்த டீச்சருக்கு நேரம் இருக்கு? நாலு பேர் முன்னால் வாசிக்கக் கூச்சப்படுகிற பிள்ளை போனிடம் கூச்சப்படாது.

சரி, ஆனா அந்தச் செயலி கேட்டது எதை? பழவேற்காட்டை எடுத்துக்கொள்வோம். திருவள்ளூர் மாவட்டத்திலும் ஆந்திராவிலுமாகப் பரந்த உப்பங்கழி. சிலிகாவுக்கு அடுத்து நாட்டிலேயே பெரியது. அங்குள்ள மீனவக் குப்பங்களில் 'பாடு' என்றால் ஏரியில் வலை கட்டும் இடத்தை முறைவைத்துப் பிரித்துக்கொள்ளும் உரிமை. பாடப்புத்தகத்தில் அதே சொல்லுக்குப் பாட்டுப் பாடு என்று அர்த்தம். பிள்ளை உச்சரிப்புப் பிசகாமல் வாசித்தால் செயலி அடுத்த சொல்லுக்குப் போய்விடும். பாடு முறையை அறிந்த டீச்சரோ அந்த ஒரு சொல்லில் சுழற்சிமுறை, பின்னம், பங்கீடு மூன்றையும் நடத்திவிடுவார்.

பாடு முறை பற்றி ஆய்வுக் கட்டுரைகள் இருக்கின்றன, இன்றைய மொழி மாதிரியிடம் கேட்டால் சொல்லிவிடுமே என்று என் துறை நண்பர்கள் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் பாடு எல்லோருக்கும் கிடையாது. பாடு உள்ள வீட்டுப் பிள்ளையும், கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் வீட்டுப் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம். இந்த வகுப்பில் இந்த உதாரணத்தைச் சொல்லலாமா, யார் முகம் சுருங்கும் என்பது எந்தக் கட்டுரையிலும் இல்லை. முகத்துவாரம் மணல் தூர்ந்து, வரும்படி இல்லாத வாரத்தில் ஒரு பிள்ளை வாசிப்பில் தடுக்கினால், அது எழுத்துப் பிரச்சினையா, பசியா? சத்தத்தை மட்டும் கேட்கிற எந்திரத்துக்கு இரண்டும் ஒன்றுதான்.

ஆகவே டீச்சர் இனி அந்த ஆய்வாளர் ஆகட்டும். பயிற்சியை எந்திரம் பார்க்கட்டும், தீர்ப்பை அவர் சொல்லட்டும் என்றால் எனக்குச் சம்மதமே. அதற்கு டீச்சர் இருக்க வேண்டுமே! 2009 கல்வி உரிமைச் சட்டப்படி, 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள் வேண்டும். ஒன்றிய அரசின் சொந்தக் கணக்கிலேயே நாட்டில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட ஓராசிரியர் பள்ளிகள் இருக்கின்றன.

மென்பொருள் துறையில் ஒரு வேலையைத் தானியங்கியாக்கினால், மிச்சமான நேரத்தில் அந்த ஆள் இன்னும் நல்ல வேலை செய்வார் என்று அறிவிப்பில் எழுதுவோம். மீட்டிங்கில் கேட்கப்படும் கேள்வி வேறு: எத்தனை பேரைக் குறைக்கலாம்? பள்ளிக்கூடத்திலும் இது நடந்தால், சட்டம் கேட்ட இரண்டாவது ஆசிரியரின் இடத்தில் ஒரு டேப்லெட்டை வைத்துக் கணக்கை நேர்செய்துவிடுவார்கள். பிள்ளை தோற்கும்போது, தப்பு உன்மேல் இல்லை என்று சொல்ல அங்கே ஆள் இருக்காது. செயற்கை நுண்ணறிவு வகுப்பறை என்று அடுத்த அறிவிப்பு வரும்போது, அதில் எத்தனை கருவிகள் என்று மட்டும் பார்க்காமல், எத்தனை ஆசிரியர் பணியிடங்கள் என்றும் கேட்போம்.