புலப்படா வலியும் திரையும்

அமெரிக்கப் பாடகி லேடி காகாவைப் பற்றிக் கிறிஸ் மூக்கர்பெல் நெறிப்படுத்திய ‘காகா: பைவ் பூட் டூ’ என்னும் விவரணப்படம் 2017 இல் வெளிவந்தது. தம்மை வருத்துவது பைப்ரோமையால்ஜியா என்னும் நோய் என அவ்வாண்டிலேயே பாடகி அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 31.

உடலெங்கும் பரவி நீடிக்கும் வலி, களைப்பு, நித்திரைக் குலைவு என்பன இந்நோயின் இயல்புகள். இதனை உறுதிசெய்யும் குருதிப் பரிசோதனையோ எக்ஸ்-கதிர்ப் படமோ இல்லை. ஆதலின் நோயுற்ற இளைஞர் வலியோடு மட்டுமன்றிப் பிறரது ஐயத்தோடும் போராட வேண்டியவராகிறார். கண்ணுக்குப் புலப்படாததைக் கமரா எவ்வாறு காட்டும்? இப்படம் எதிர்கொண்ட கலைப்பிரச்சினை இதுவே.

வலி உச்சமடையும் கணங்களையே நெறியாளர் தேர்ந்துகொண்டார். முகத்தை மூடி அழுது கிடக்கும் பாடகியின் உடலைப் பிறர் பிடித்துவிடும் காட்சி நெஞ்சை உலுக்குகிறது. எனினும், அழுதால்தான் வலி உண்டு என்னும் பார்வையாளரின் எண்ணத்தை அது மாற்றவில்லை, வலுப்படுத்துகிறது. அழாமல் விரிவுரைக்கு வந்து, எழுதும் கை சோர்ந்து, ‘பார்த்தால் நோயாளிபோல் இல்லையே’ என்ற சொல்லையும் கேட்டுத் திரும்பும் மாணவி இத்தகைய காட்சிகளுக்குள் அடங்குவதில்லை.

ஆயினும் அதே காட்சியில், உதவிக்கு ஆளமர்த்தப் பணமில்லாதோர் என் செய்வர் எனப் பாடகி எண்ணிப்பார்க்கிறார். படத்தின் மிக உண்மையான இடம் இது. அவ்வினாவைத் தொடர்ந்து சென்றிருப்பின், புகழ்பெற்ற ஒருவரின் துன்பக் கதை, வலிக்கும் சான்று கேட்கும் சமூகத்தின் மீதான விமர்சனமாக உயர்ந்திருக்கும்.