தகுதியும் கணக்கும்

மரக்காணத்தில், கிழக்குக் கடற்கரைச் சாலையோரத்து உப்பளம் ஒன்றில் பேசிக்கொண்டிருந்தபோது, கூலிக்கு உப்பு வாரும் அம்மா ஒருவர் தன் மகள் குரூப் 4 தேர்வுக்குப் படிப்பதாகச் சொன்னார். கூடவே ஒரு கேள்வி: ‘எம் பொண்ணுக்குத் தகுதி இருக்கான்னு பாக்குறாங்க, சரி. உள்ள போயி ஒக்காந்தவங்களுக்கு யாரு தம்பி தகுதி பாக்குறது?’

இந்தக் கேள்வியை நமது அறிவுஜீவிகள் போதிய அளவு கேட்கவில்லை என்பதே என் குற்றச்சாட்டு. ‘தகுதி, திறமை’ என்ற சொல்லாடல் இங்கே பெரும்பாலும் இடஒதுக்கீட்டுக்கு எதிரான ஆயுதமாகவே புழங்கிவந்திருக்கிறது. அதனால் நாமும் அந்தச் சொல்லைக் கட்டுடைப்பதோடு திருப்தியடைந்துவிட்டோம். கட்டுடைத்தபின் மிஞ்சுவது என்ன என்று பார்க்கவில்லை.

உத்திரமேரூர்க் கல்வெட்டை ஒரு பிரதியாக வாசித்துப் பார்க்கலாம். முதலாம் பராந்தகன் காலத்தது. அதன் திருத்திய ஏற்பாடு கி.பி. 921ஐச் சேர்ந்தது. வாரியத்துக்குப் பெயர் எழுதிக் குடத்தில் இட வேண்டுமானால் வரி செலுத்தும் கால்வேலிக்கு மேல் நிலம், சொந்த மனையில் வீடு, 35க்கும் 70க்கும் இடைப்பட்ட வயது, வேதப் பயிற்சி எல்லாம் வேண்டும். பிராமணச் சபையொன்றின் விதி இது. நிலமற்றவருக்கும் வேதம் மறுக்கப்பட்டவருக்கும் கதவு சாத்தியாயிற்று. இதைத்தான் ஜனநாயகத்தின் தொட்டில் என்று மேடைதோறும் முழங்குகிறார்கள். ஆனால் அதே பிரதியில் இன்னொரு விதியும் உண்டு: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும் அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி வரக்கூடாது. ஆக, தகுதிக்கு இரண்டு முகங்கள். ஒன்று, நுழைகிறவரிடம் கேட்பது. மற்றது, இருந்தவரிடம் கேட்பது.

நவீன அரசு முதல் முகத்தை மட்டும் பெரிதாக்கிக்கொண்டது. பிரிட்டனில் 1854இல் வந்த நார்த்கோட்-டிரெவெல்யன் அறிக்கை, சிபாரிசு நியமனத்துக்கு மாற்றாகப் போட்டித் தேர்வையும் தகுதிவழிப் பதவி உயர்வையும் முன்வைத்தது. சிபாரிசுக்கு ஆளில்லாதவனுக்கு அது நல்ல செய்திதான். ஆனால் அடுத்த ஆண்டு தொடங்கிய ஐ.சி.எஸ். தேர்வு 1922 வரை லண்டனில் மட்டுமே நடந்தது. கப்பலேற முடியாதவன் தகுதியற்றவன்! சென்னை மாகாணம் வேறு வழி கண்டது. 1921இல் நீதிக்கட்சி ஆட்சியின் வகுப்புவாரி அரசாணை. 1929இல் இந்தியாவின் முதல் மாகாணத் தேர்வாணையம். பங்கீடும் தேர்வும் ஒன்றுக்கொன்று பகை என்பவர்களுக்கு இந்த வரலாறே பதில். அரசியல் சட்டத்தின் 335ஆவது பிரிவு பேசும் நிர்வாகத் திறனைத் தேர்வு மதிப்பெண்ணாகச் சுருக்கக் கூடாது என்று பவித்ரா வழக்கில் 2019இல் உச்சநீதிமன்றமும் சொல்லிவிட்டது.

வாசலைப் பற்றி இவ்வளவு பேசியாயிற்று. கணக்கு?

2023 மே மாதம், மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் மெத்தனால் கலந்த சாராயம் குடித்துப் பத்துப் பேருக்கு மேல் இறந்தார்கள். அதன் பிறகே மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் உள்ளிட்ட அதிகாரிகள் சிலர் தற்காலிகப் பணிநீக்கம் செய்யப்பட்டனர். அடுத்த ஆண்டு ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். பிணம் விழுந்தபின் எடுக்கும் நடவடிக்கைக்குப் பெயர் கணக்குக் கேட்பதல்ல, கணக்கை முடிப்பது.

மேலே இருப்பவரிடம் கேட்கப்படாத தகுதி கீழே இருப்பவரிடம் எப்படிக் கேட்கப்படுகிறது என்றும் பாருங்கள். முறையான தேர்வின்றி எடுக்கப்பட்ட தற்காலிக ஊழியர் நிரந்தரம் கோர முடியாது என்பதை உமாதேவி வழக்கில் 2006இல் உச்சநீதிமன்றம் பொதுவிதியாக வைத்தது. சிபாரிசைத் தடுக்க அது தேவைதான். ஆனால் தேர்வு வைக்காமல் ஆள் எடுத்தது யார்? அரசு. தண்டனை யாருக்கு? பல வருஷம் பெருக்கிக் கூட்டியவருக்கு. மத்திய நீர் ஆணையத்தின் துப்புரவு, தோட்டப் பணியாளர்கள் தொடுத்த ஜக்கோ வழக்கில், அந்தத் தீர்ப்பை நெடுநாள் உழைத்தவர்களுக்கு எதிரான ஆயுதமாக்கக் கூடாது என்று 2024 டிசம்பரில் அதே நீதிமன்றம் சொல்ல வேண்டியதாயிற்று.

உப்பு வாரத் தெரிந்தவருக்கு மார்க் போடு என்று நான் சொல்லவில்லை. தேர்வும் வேண்டும், ஒதுக்கீடும் வேண்டும். நான் கேட்பது கல்வெட்டின் மற்ற விதியை. மழைமாதங்களில் பாத்தி மூழ்கி வேலையில்லாமல் இருக்கும் உப்பளத் தொழிலாளருக்கு 5000 ரூபாய் நிவாரணம் 2022இல் தொடங்கியது. யாருக்குக் கிடைத்தது, யார் பேர் விட்டுப்போச்சு, ஏன் என்று ஊர்முன் சொல்வது ஓர் அலுவலரின் தகுதி. பதவி உயர்வுக் கோப்பில் ஏற வேண்டியது அதுதான்.

அந்தப் பெண் தேறி மரக்காணம் தாலுகா ஆபீஸிலேயே வந்து உட்காரட்டும். அன்றைக்கு அவளிடமும் கணக்குக் கேட்கும் உரிமை, உப்பளத்தில் நிற்கிற அவள் அம்மாவுக்கு இருக்க வேண்டும்.