தூர விண்மீனின் ஒளியும் படைப்பின் நாட்களும்

மஞ்சக்குப்பத்திலும் சிதம்பரத்திலும் நம் சபைகளில் வளரும் இளைஞர் சிலர் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் இயற்பியல் பயிலச் செல்கின்றனர். உலகம் தோன்றி ஆறாயிரம் ஆண்டுகளே ஆயின எனில், இலட்சக்கணக்கான ஒளியாண்டுத் தொலைவிலுள்ள விண்மீனை நாம் எங்ஙனம் காண்கிறோம் என்று அவர்கள் வினவுவர். அதற்குப் போதகர் தரும் விடையைக் கொண்டே அவர் கூறும் ஏனையவற்றையும் எடைபோடுவர். ஆதலின், கிறிஸ்தவ வட்டாரங்களில் வழங்கிவரும் விடைகளைச் சற்றே ஆராய்வோம்.

ஒளிக்கு வேகம் உண்டு என்ற செய்தி நம் கடற்கரைக்கு முற்றிலும் அந்நியமானதன்று. டென்மார்க்கு நாட்டு வானியலறிஞர் ஓலே ரோமர், வியாழனின் துணைக்கோளாகிய அயோவின் கிரகணங்கள் சில மாதங்களில் பிந்துவதையும் சில மாதங்களில் முந்துவதையும் கவனித்தார். பூமி வியாழனை விட்டு விலகும்போது ஒளி மிகுதியான தூரம் கடந்து வரவேண்டியிருப்பதே காரணம் என்று 1676இல் பாரிசில் அறிவித்தார். சீகன்பால்கையும் புளுட்சோவையும் தரங்கம்பாடிக்கு அனுப்பிய நான்காம் ஃபிரடெரிக் மன்னரின் பணியில்தான் அவர் தம் இறுதி ஆண்டுகளைக் கழித்தார். அவ்விருவரும் 1706இல் கரையிறங்கியபோது அவர் கோபன்ஹேகனில் காவல்துறைப் பொறுப்பில் இருந்தார்! கடலூர்ப் பகுதியில் பின்னர் வேரூன்றிய டேனிஷ் மிஷனுக்கும் அந்நாடே தாயகம்.

இந்த ரோமரையே சாட்சிக்கு அழைக்கிறது முதலாவது விடை. ஒளியின் வேகம் ஆதியில் மிகப் பெரிதாயிருந்து படிப்படியாகக் குறைந்தது என்பர் இக்கொள்கையினர். ஆஸ்திரேலியரான பாரி செட்டர்ஃபீல்டும் டிரெவர் நார்மனும் 1987இல் பழைய அளவீடுகளைத் தொகுத்து இதனை வாதிட்டனர். ஆனால் பூமியின் பாதையைக் குறுக்கே கடக்க ஒளிக்கு 22 நிமிடம் ஆகுமென்பது ரோமரின் சொந்தக் கணக்கு; உண்மையில் ஆவதோ ஏறத்தாழ 16 நிமிடம் 38 விநாடி. அவர் கணக்கை அப்படியே கொண்டால் அன்றைய வேகம் இன்றையதில் முக்கால் பங்கேயாகும். சாட்சி எதிர்க்கட்சிக்குச் சாதகமாகப் பேசுகிறார். பழைய கருவிகளின் பிழையை இயற்கையின் மாற்றமாகக் கொண்டதே இங்கு நேர்ந்த தவறு.

இரண்டாவது விடை பழையது. பக்தியுள்ளோர் மனத்தை எளிதில் கவர்வது. ஆதாம் குழந்தையாயன்றி முழு மனிதனாகப் படைக்கப்பட்டதுபோல், விண்மீன்களும் பூமியை வந்தடைந்த ஒளியுடனேயே படைக்கப்பட்டன என்பது அது. பிலிப் ஹென்றி காஸ் 1857இல் இவ்வழியிலே ஒரு முழு நூல் எழுதினார். கானாவூரின் திராட்சரசத்தையும் இதற்குச் சான்றாகக் காட்டுவதுண்டு. அறிவியலால் இதனை மறுக்க இயலாது; மறுக்க வேண்டியது இறையியலே.

1987 பிப்ரவரியில் பெரிய மெகல்லன் மேகத்தில் ஒரு விண்மீன் வெடித்தது காணப்பட்டது. கடலூர்க் கரையிலிருந்து நோக்கின் தென் அடிவானத்துக்குச் சற்றே மேல் எழும் அம்மேகம் சுமார் 1,68,000 ஒளியாண்டுத் தொலைவிலுள்ளது. ஒளி வந்தடைவதற்குச் சில மணி நேரம் முன்னரே, ஜப்பானில் பூமிக்கடியில் அமைந்த நீர்த்தொட்டி அவ்வெடிப்பின் நியூட்ரினோத் துகள்களைப் பதிவு செய்தது. முந்தைய படத்தகடுகளில் இருந்த விண்மீன் பின்னர் அங்கில்லை. காஸின் வழி சென்றால், அவ்விண்மீன் ஒருபோதும் வெடிக்கவில்லை. நாம் கண்டது ஆறாயிரம் ஆண்டுகளுக்கு முன் வெளியிலே தீட்டப்பட்ட ஒரு சாவின் சித்திரம். துகள்களும் அவ்வாறே வழியில் வைக்கப்பட்டவை. முதிர்ச்சி வேறு, வரலாறு வேறு. ஆதாம் முதிர்ந்த உடலோடு படைக்கப்பட்டான் என்பதை ஏற்போம். ஏழாம் வயதில் மரத்திலிருந்து விழுந்த தழும்பு அவன் முழங்காலில் இருந்ததென்றால் என் சொல்வோம்? பொய்யுரையாத தேவன் என்று தீத்துவுக்கு எழுதிய நிருபம் கூறுகிறது. வானங்கள் அவர் மகிமையை வெளிப்படுத்துகின்றன என்று பத்தொன்பதாம் சங்கீதம் பாடுகிறது. அவ்வானங்களே நடவாததை நடந்ததாக அறிவிக்குமாயின், ஆதியாகமத்தைக் காக்கப் புறப்பட்டவர்கள் அதன் ஆக்கியோனின் உண்மையையே விலையாகக் கொடுத்துவிடுகின்றனர்.

நம்மை நோக்கி வரும் ஒளிக்குக் காலமே ஆவதில்லை என்று நேரத்தை வரையறுப்பது மூன்றாவது விடை. ஒருவழி வேகத்தைத் தனியே அளக்க இயலாதென்பது மெய்யே. ஆயினும் கடிகாரங்களை ஒத்திசைக்கும் முறையை மாற்றுவதால் விண்மீனின் வயது குறைந்துவிடாது.

எதிர்முனையில் இன்னொரு பிழையுண்டு. பெருவெடிப்பே ஆதியாகமத்தின் முதல் வெளிச்சம் எனச் சில பிரசங்கிகள் மகிழ்கின்றனர். 1951இல் போப்பாண்டவர் பன்னிரண்டாம் பத்திநாதர் அவ்வழியே பேசியபோது, அக்கொள்கைக்கு வித்திட்ட குருவான லமேத்ரே அதனை விரும்பவில்லை. நாளை அறிவியற் கொள்கை திருத்தப்பட்டால் பிரசங்கமும் திருத்தப்பட வேண்டுமே!

முதல் நாளில் வெளிச்சத்தையும் நான்காம் நாளில் சுடர்களையும் வைக்கும் அதிகாரம், சூரியனுக்கும் சந்திரனுக்கும் பெயரைக்கூடத் தரவில்லை என்பதைப் போதகர் கவனிப்பாராக. அண்டை நாட்டார் தெய்வங்களாகத் தொழுத அவை அங்கு வெறும் விளக்குகள். நம் சுற்றுப்புறத்தில் அவ்வாக்கியத்தின் கூர்மையை உணரக் கிலோமீட்டர்க் கணக்குத் தேவையில்லை. கால்வின் 1554இல் வெளியிட்ட தம் ஆதியாகம விளக்கவுரையில், சந்திரனைவிடச் சனி பெரிதென்று வானியலார் நிறுவியதை ஏற்றுக்கொண்டார். மோசே கண்ணுக்குத் தோன்றியவாறு சாதாரண மக்களுக்காக எழுதினார் என்று விளக்கி, வானியலைக் கற்க விரும்புவோர் வேறிடம் செல்லலாம் என்றும் கூறி, அடுத்த வசனத்துக்குச் சென்றார்.