அயலும் கூட்டும்

பிரான்சின் கிரெனோபிள் நகரில், 1971இல் இயங்கத் தொடங்கிய நியூத்திரன் உலையும், 1994இல் ஆய்வாளர்க்குத் திறக்கப்பட்ட சிங்குரோத்திரன் எக்ஸ் கதிர் நிலையமும் அருகருகே உள்ளன. அயலில் அமைந்தமை மட்டுமே கூட்டாய்வாகிவிடாது.

எக்ஸ் கதிர்களைச் சிதறச்செய்வன இலத்திரன்கள். எனவே பார அணுக்களிடையே ஒட்சிசன் மங்கித் தோன்றும். நியூத்திரன்களைச் சிதறச்செய்வது அணுக்கரு; அங்கு ஒட்சிசன் தெளிவாகப் புலப்படும். 1987இல் இயிற்றியம், பேரியம், செம்பு கொண்ட ஒட்சைட்டு மீகடத்தியில் ஒட்சிசனின் இடங்களைத் தெளிவுபடுத்தியது நியூத்திரனே. ஆயினும் அதன் கற்றை செறிவு குன்றியது. நுண்ணிய மாதிரிகளுக்குச் சிங்குரோத்திரனே ஏற்றது.

ஆகவே, எது சிறந்தது எனும் வினா பொருளற்றது. ஒரே பொருளின் இருவகை அளவீடுகளையும் ஒரே கட்டமைப்பு விளக்கத்துக்கு உட்படுத்தி, முரண்படுமிடத்து அவ்விளக்கத்தையே திருத்துவதுதான் கூட்டாய்வின் உரைகல். இரு முடிவுகளை அடுத்தடுத்து அச்சிடுவது வெறும் தொகுப்பேயாகும்.